9 ஆண்டு 7 மாதம் ஆன பென்ஸ் காரை முதியோர் இல்லத்துக்குத் தர்மமாகக் கொடுக்கலாமா?

கேள்வி: செம்பவாங் செல்வன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா பெயரில் ஒரு மெர்சிடிஸ் இ200 இருக்கிறது. 2016 ஆகஸ்ட்டில் பதிவு செய்தது. சிங்கப்பூரில் காரை வைத்திருக்க 10 ஆண்டுக்கு வாங்கும் உரிமைச் சான்றான சிஓஇ முடிய இன்னும் 5 மாதம்தான். அப்பாவுக்கு 76 வயது, பார்வை மங்கியதால் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். விற்றுக் காசாக்க மனம் வரவில்லை. "நல்லா ஓடுற வண்டி, ஏதாவது முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துடு" என்கிறார்.

லாக் கார்டில் (வண்டியின் பதிவு விவரம்) இருப்பது: ஓஎம்வி (இறக்குமதியின்போது சுங்கம் மதித்த விலை) 48,000 வெள்ளி, கட்டிய ஏஆர்எஃப் (கூடுதல் பதிவுக் கட்டணம்) 59,200 வெள்ளி, சிஓஇ பி வகை (பெரிய கார்களுக்கானது) 54,000 வெள்ளி. 128,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கடன் பாக்கி இல்லை.

காரை அப்படியே இல்லத்தின் பெயருக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா? கொடுத்தால் வரிக் கழிவு உண்டா? சிஓஇயை 5 ஆண்டுக்குப் புதுப்பித்துக் கொடுத்தால் அவர்களுக்கு இன்னும் உதவியாக இருக்கும் என்று சித்தப்பா சொல்கிறார். மாமாவோ கும்பகோணம் பக்கம் தெரிந்த இல்லத்துக்குக் கப்பலில் அனுப்பச் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: கணக்கு மேசை

செல்வன், உங்கள் அப்பாவின் எண்ணம் நிறைவேற வேண்டுமென்றால் காரைக் கொடுக்காதீர்கள், காரிலிருந்து வரும் பணத்தைக் கொடுங்கள். நம் ஊரில் ஒரு பழைய காரின் மதிப்பில் பெரும்பகுதி இரும்பில் இல்லை, அரசாங்கம் திருப்பித் தரும் தொகையில் இருக்கிறது. உங்கள் காரை வைத்தே கணக்குப் போடுகிறேன்.

2016இல் பதிவான கார் என்பதால் ஏஆர்எஃப் விகிதம் பழையது: ஓஎம்வியில் முதல் 20,000 வெள்ளிக்கு 100 சதவீதம், அடுத்த 30,000க்கு 140, அதற்கு மேல் 180. உங்கள் 48,000க்கு 20,000 + 39,200 = 59,200. லாக் கார்டில் இருப்பதும் அதுதான். 10 ஆண்டு முடிவதற்குள் பதிவை ரத்து செய்தால் பார்ஃப் கழிவு, அதாவது கட்டிய ஏஆர்எஃப்பில் ஒரு பங்கு, திரும்பக் கிடைக்கும். 9க்கும் 10க்கும் இடைப்பட்ட வயதில் அது கட்டிய ஏஆர்எஃப்பில் 50 சதவீதம், அதாவது 29,600 வெள்ளி. அத்தோடு பயன்படுத்தாத சிஓஇ மாதங்களுக்கும் பணம் திரும்ப வரும். 54,000ஐ 120 மாதத்தால் வகுத்தால் மாதம் 450. 5 மாதத்துக்கு 2,250. இரண்டும் சேர்ந்து 31,850 வெள்ளி. இதைத்தான் வியாபாரிகள் பேப்பர் வேல்யூ என்பார்கள். இதற்கு மேல் வண்டியின் உடலுக்கு ஏற்றுமதியாளரோ உடைப்புக்கூடமோ தரும் பாடி வேல்யூ தனி.

இனி வரிக்கு வருவோம். காரைப் பொருளாகக் கொடுத்தால் வரிக் கழிவு கிடையாது. வரித்துறையான ஐராஸ் ஏற்கும் நன்கொடை வகைகள் சில மட்டுமே. ரொக்கம், பங்குகள், அரும்பொருளகம் ஏற்கும் கலைப்பொருள், பொது இடச் சிற்பம், நிலமும் கட்டடமும் என்று அது முடிந்துவிடும். அதில் கார் இல்லை. அதே 31,850 வெள்ளியை ஐபிசி தகுதியுள்ள (நன்கொடைக்கு வரிக் கழிவு பெற்றுத் தரக்கூடிய) அறநிறுவனத்துக்கு ரொக்கமாகக் கொடுத்தால் 250 சதவீதக் கழிவு, அதாவது கொடுத்ததைப் போல் இரண்டரை மடங்கு வரிக்குரிய வருமானத்தில் கழியும். 2023 வரவுசெலவுத் திட்டத்தில் இந்த விகிதத்தை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள்.

இணையத்தில் தேடினால் "காரைத் தானம் செய்யுங்கள், வரி மிச்சம், நாங்களே வந்து இழுத்துப் போகிறோம்" என்று பக்கம் பக்கமாக வரும். அவை அமெரிக்க வரிச் சட்டத்துக்கு எழுதியவை. அங்கே அறநிறுவனம் காரை விற்று, விற்ற தொகைக்குப் படிவம் கொடுக்கும். இங்கே அந்த ஏற்பாடே கிடையாது, அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

சித்தப்பா சொன்ன சிஓஇ புதுப்பிப்பு அன்பான யோசனைதான், ஆனால் பணத்தைத் தின்னும். புதுப்பித்த கணமே அந்த 29,600 பார்ஃப் போய்விடும், பிறகு எப்போதுமே வராது. புதுப்பிப்புக் கட்டணம் பிகியூபி, கடந்த 3 மாத சிஓஇ விலைகளின் சராசரி. 5 ஆண்டுக்கு அதில் பாதி. 2023 அக்டோபரில் பி வகை 150,001 வெள்ளி வரை போனதை நினைத்துப் பாருங்கள். பிகியூபி 100,000 என்று வைத்தாலே 50,000 கட்ட வேண்டும். இழக்கும் பார்ஃப்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 80,000 வெள்ளியை ஒரு பழைய செடானில் முடக்குகிறீர்கள். 5 ஆண்டுப் புதுப்பிப்பை மறுபடி நீட்டிக்கவும் முடியாது, முடிந்ததும் வண்டி போய்த்தான் ஆக வேண்டும். 10 ஆண்டு தாண்டினால் சாலை வரிக்கு மேல்வரி முதல் ஆண்டு 10 சதவீதம், ஒவ்வோர் ஆண்டும் 10 ஏறி 50 வரை போகும். பரிசோதனையும் 2 ஆண்டுக்கு ஒரு முறை என்பது மாறி ஆண்டுதோறும் ஆகிவிடும். அந்தச் செலவெல்லாம் இல்லத்தின் தலையில்தான் விழும்.

பெயர் மாற்றிக் கொடுப்பது சட்டப்படி முடியும். நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏயின் ஒன்மோட்டரிங் தளத்தில் உரிமை மாற்றம் செய்யலாம், அவர்கள் பக்கம் நிறுவனங்களுக்கான மின்னடையாளமான கார்ப்பாஸ் வழியாக ஒப்புக்கொள்ள வேண்டும், அவர்கள் பெயரில் காப்புறுதியும் எடுத்திருக்க வேண்டும். பிறகு அவர்களே பதிவை ரத்து செய்து அதே பணத்தைப் பெறலாம். அப்படிச் செய்தால் இல்லத்துக்குப் பணம் குறையாது, ஆனால் வேலை முழுவதும் அவர்களுக்கு. உங்கள் பக்கம் வரிக் கழிவு பூஜ்யம். யாருக்கும் கூடுதல் நன்மை இல்லாத வழி அது.

---

பதில்: காக்கி புக்கிட் பட்டறை

கணக்கு சார் சொன்னது சரி. நான் வண்டிப் பக்கம் சொல்றேன்.

128,000 கிலோமீட்டர் ஓடின இ200ஐ ஒரு இல்லத்துக்கிட்ட கொடுத்தா அவங்களுக்கு என்ன வரும்னு பாருங்க. இந்த வயசுல நம்ம ஊர் வெயிலுக்கு ரப்பர் எல்லாம் இறுகிடும். கீழ்க்கை புஷ், எஞ்சின் மவுண்ட், வால்வ் கவர் கேஸ்கட் எல்லாம் வரிசையா கேக்கும். இந்தக் கம்பெனியோட நாலு சிலிண்டர் எஞ்சின்கள்ல கேம்ஷாஃப்ட் மேக்னட்ல எண்ணெய் கசியறது தெரிஞ்ச விஷயம். கசிஞ்சா வெளிய சொட்டாது, ஒயருக்குள்ளயே ஏறிப் போய் சென்சார் பிளக்கையும் கண்ட்ரோல் யூனிட்டையும் கெடுக்கும். மேக்னட் விலை கம்மி, கவனிக்காம விட்டா ஹார்னஸ் மாத்தற செலவுதான் அதிகம். ஏசி எவாப்பரேட்டர் ஓட்டையானா டேஷ்போர்டு முழுக்க இறக்கணும், சாமானை விடக் கூலி அதிகம். நல்லா ஓடுற வண்டிதான், ஆனா அதை நல்லா ஓட வைக்கத் தனியா ஒருத்தர் கவனிக்கணும். இல்லத்துல அதுக்கு ஆள் கிடையாது.

இப்ப எப்படிக் கொடுக்கறதுன்னு பார்ப்போம். முதல்ல குறைஞ்சது மூணு ஏற்றுமதியாளர்கிட்ட விலை கேளுங்க. உடைப்புக்கூடம் எடைக்கும் சாமானுக்கும்தான் கொடுக்கும். பென்ஸ் மாதிரி வண்டிக்கு ஏற்றுமதிக்காரர் அதைவிட நல்லாவே கூடக் கொடுப்பார், ஏன்னா வெளிநாட்டுல அது இன்னும் ஓடப்போகுது. கேக்கும்போது "பேப்பர் எவ்வளவு, பாடி எவ்வளவு, பிடிச்சுக்கற கட்டணம் ஏதும் உண்டா"ன்னு மூணையும் பிரிச்சு எழுதி வாங்குங்க. மொத்தமா ஒரே தொகை சொல்றவர்கிட்ட கவனமா இருங்க. பேப்பர் வேல்யூ உங்க சொந்தப் பணம், அதை அவர் தர்ற விலை மாதிரி காட்டி, பாடிக்கு ஒண்ணுமே இல்லாம முடிச்சுடுவாங்க. பார்ஃப் எவ்வளவுன்னு ஒன்மோட்டரிங்ல நீங்களே தேதி போட்டுப் பாத்துட்டுப் போங்க.

விலையைக் கூட்டறது என்ன? ரெண்டு சாவியும் இருக்கணும். சர்வீஸ் பதிவு, ஸ்பேர் டயர் இல்லேன்னா அதுக்குப் பதிலா வந்த பம்ப், இழுவைக் கொக்கி, பூட் தளத்துக்கு அடியில இருக்கற ஜாக் எல்லாம் உள்ள இருக்கணும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒரிஜினலா இருக்கணும். அதுக்குள்ள பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கு, முன்னாடி யாராவது எக்ஸாஸ்ட் மாத்தியிருந்தா அதைக் கழட்டியிருக்காங்களான்னு கேட்டுக்கோங்க, இல்லேன்னா விலையில பெரிசா வெட்டுவாங்க. வண்டியை அஞ்சு மாசம் கார்பார்க்ல நிக்க வச்சுடாதீங்க. பேட்டரி இறங்கிட்டா இழுவை வண்டி கூப்பிடணும், அதையும் பாடி விலையில கழிப்பாங்க. வாரம் ஒரு தடவை அரை மணி நேரமாவது ஓட்டுங்க.

ஒப்படைக்கற நாள்தான் ரொம்ப முக்கியம். பதிவை ரத்து பண்ணின நிமிஷத்துல இருந்து அந்த வண்டி ரோட்டுல போகக்கூடாது, காப்புறுதியும் செல்லாது. அதனால வரிசை இதுதான்: முதல்ல வண்டியை உடைப்புக்கூடத்துக்கோ ஏற்றுமதிக் கிடங்குக்கோ ஓட்டிட்டுப் போய் நிறுத்துங்க, ஒப்படைப்புச் சீட்டு வாங்குங்க, அங்கேயே நின்னு போன்ல சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வழியா ரத்து பண்ணுங்க. சீட்டுல தேதி, நேரம், ஓடோமீட்டர் எண், வாங்கறவர் கம்பெனிப் பேரும் முத்திரையும் இருக்கணும். "வச்சுட்டுப் போங்க, நாளைக்கு நாங்க ரத்து பண்ணிக்கறோம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. அந்த இடைவெளியில வர்ற ஈஆர்பி (மின்னியல் சாலைக் கட்டணம்), பார்க்கிங் அபராதம், விபத்து எல்லாம் பதிவு உரிமையாளர் பேர்லதான் வரும். சிங்பாஸ் ஓடிபியையும் யாருக்கும் சொல்லாதீங்க.

ரத்து பண்ணி ஒரு மாசத்துக்குள்ள வண்டியை அழிச்சதுக்கோ ஏற்றுமதி பண்ணினதுக்கோ அத்தாட்சி எல்டிஏக்குப் போகணும். அது போன பிறகுதான் பார்ஃப் பணமும் சிஓஇ பணமும் வரும். ரத்து பண்ணின வண்டியை நினைவா வீட்டுல வச்சுக்கறதுக்கும், பயிற்சிக்குன்னு எங்கயாவது கொடுக்கறதுக்கும் எல்டிஏ முன்அனுமதி இல்லாம வழி இல்லை. மிச்ச சாலை வரி தானா திரும்பி வரும். காப்புறுதியை நீங்கதான் ரத்து பண்ணணும், அப்போ என்சிடி (இழப்பீடு கேக்காததுக்கான தள்ளுபடி) கடிதம் கேட்டு வாங்கிக்கோங்க, வீட்டுல வேற யாராவது கார் எடுத்தா பேச உதவும். வீடமைப்புக் கழகப் பருவச்சீட்டையும் நீங்கதான் நிறுத்தணும்.

ஒப்படைக்கறதுக்கு முந்தின நாள் வண்டிக்குள்ள உட்கார்ந்து இதைச் செய்ங்க. ஈஆர்பி கருவியில இருந்து கார்டை எடுங்க. டேஷ்கேமை மெமரி கார்டோட எடுங்க. திரையில சிஸ்டம் செட்டிங்குக்குப் போய் ரீசெட் பண்ணுங்க, இல்லேன்னா போன் புத்தகம், வீட்டு முகவரி, போன இடங்கள் எல்லாம் அப்படியே வெளிநாட்டுக்குப் போகும். நடு ஆர்ம்ரெஸ்ட் பெட்டிக்குள்ள எஸ்டி கார்டு செருகல் இருந்தா பாருங்க. மெர்சிடிஸ் செயலியில வண்டியைக் கணக்குல இருந்து நீக்கணும், நீக்காம விட்டா அடுத்தவர் வண்டி உங்க போன்லயே இருக்கும். சன் வைசர் பின்னாடி, கையுறைப் பெட்டி அடியில, பின் சீட் மடிப்புல கை விட்டுப் பாருங்க. சாமி படம், தாயத்து, பழைய பாஸ்புக் எல்லாம் அங்கதான் கிடக்கும்.

---

பதில்: செம்பவாங் செல்வன்

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு மிக்க நன்றி. இரண்டு கேள்விகள். கார் அப்பா பெயரில் இருக்கிறது, அவருக்கு வருமான வரியே இல்லை. அப்படியானால் 250 சதவீதம் வீண்தானே? என் பெயரில் கொடுத்தால் எனக்குக் கிடைக்குமா? இரண்டாவது, அப்பா சிங்பாஸ் பயன்படுத்தத் தடுமாறுகிறார்.

---

பதில்: கணக்கு மேசை

நல்ல கேள்வி, பலர் இந்த இடத்தில்தான் தடுக்குகிறார்கள். கழிவு யாருக்கு என்பதை ஒரே ஒரு விஷயம் தீர்மானிக்கிறது: நன்கொடை கொடுக்கும்போது அறநிறுவனத்திடம் யாருடைய அடையாள அட்டை எண் போகிறதோ அவருக்கு. அந்த எண்ணை வைத்து நிறுவனமே ஐராஸுக்குத் தகவல் அனுப்பிவிடும், நீங்கள் ரசீதை வரிப் படிவத்தில் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. எண் கொடுக்காமல் கொடுத்த நன்கொடைக்குக் கழிவு வராது.

அப்பா பெயரில் கொடுத்தால் அவருக்கு வரி இல்லாததால் இந்த ஆண்டு பயன் இல்லை. மிச்சக் கழிவை 5 ஆண்டு வரை முன்னெடுத்துச் செல்லலாம், ஆனால் அவருக்கு அந்த ஆண்டுகளிலும் வரிக்குரிய வருமானம் இருக்கப்போவதில்லை என்றால் அதுவும் உதவாது. அவர் உங்களுக்குப் பணத்தை உண்மையாகவே கொடுத்துவிட்டு, அது உங்கள் பணமான பிறகு நீங்கள் உங்கள் விருப்பப்படி நன்கொடை கொடுத்தால் அது உங்கள் நன்கொடை. சிங்கப்பூரில் அன்பளிப்பு வரி இல்லை. ஆனால் அப்பாவின் நன்கொடைக்கு உங்கள் எண்ணை மட்டும் போட்டுக் கொடுப்பது சரியல்ல. இரண்டில் எது என்பதை அப்பாவோடு பேசி முதலிலேயே முடிவு செய்யுங்கள். அவர் கையால், அவர் பெயரில் போக வேண்டும் என்பது அவர் ஆசையானால் வரியைப் பற்றி யோசிக்காமல் அப்படியே செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

உங்கள் பெயரில் 30,000 வெள்ளி என்று வைத்து ஒரு கணக்கு. கழிவு 75,000. உங்கள் வரிக்குரிய வருமானம் 160,000 வெள்ளி என்றால் அது 85,000 ஆகக் குறையும். 120,000 முதல் 160,000 வரையுள்ள பகுதிக்கு 15 சதவீதம், 6,000 வெள்ளி. 85,000 முதல் 120,000 வரை 11.5 சதவீதம், 4,025 வெள்ளி. ஆக வரியில் 10,025 வெள்ளி குறையும். நன்கொடைக் கழிவு என்பது தனிநபர் நிவாரணங்களுக்கான 80,000 வெள்ளி உச்சவரம்பில் சேராது, பலர் அதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஜனவரி முதல் டிசம்பர் 31க்குள் கொடுத்தது அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் வரும்.

ஒரு பொறி இருக்கிறது. "பாடி பணத்தையும் பார்ஃப்பையும் நீங்களே நேரே இல்லத்துக்கு அனுப்பிவிடுங்கள்" என்று கார் வியாபாரியிடம் சொல்லிவிடாதீர்கள். காசோலை அவர் நிறுவனத்தின் பெயரில் போகும், ரசீதும் அவர் பெயரில் வரும். பணம் முதலில் உரிமையாளரின் கணக்குக்கு வர வேண்டும், பிறகு அங்கிருந்து போக வேண்டும்.

எந்த நிறுவனம் என்று தேர்வு செய்யும்போது அறநிறுவனங்களின் இணைய வாசலில் பெயரைப் போட்டு ஐபிசி தகுதி இன்றைக்கு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற அறநிறுவனம் என்பது வேறு, ஐபிசி என்பது வேறு. ஐபிசி தகுதிக்குக் காலவரம்பு உண்டு, புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம். கோவில், பள்ளிவாசல், தேவாலயத்துக்குக் கொடுக்கும் காணிக்கைக்குப் பொதுவாகக் கழிவு கிடையாது. அதே சமயச் சமூகம் நடத்தும் மருத்துவ, முதியோர் சேவைக்குத் தனி ஐபிசி கணக்கு இருந்தால் கிடைக்கும். நன்கொடைத் தளமான கிவிங் டாட் எஸ்ஜி வழியாகக் கொடுத்தாலும் சரி, நேரடியாக பேநவ் எனும் மின்பணச் சேவை வழியாகக் கொடுத்தாலும் சரி, எண்ணைக் குறிப்பிட மறக்காதீர்கள்.

சிங்பாஸ் விஷயத்தில், அப்பா பக்கத்தில் இருந்து முகம் காட்டி உறுதி செய்தால் நீங்கள் உதவி செய்து முடித்துவிடலாம். அதுவும் முடியாவிட்டால் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தோடு வியாபாரி வழியாகச் செய்வார்கள், எந்த வேலைக்கு மட்டும் அனுமதி என்பதை அதில் எழுதுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். அப்பாவுக்கு எல்பிஏ எனப்படும் நீண்டகால அதிகாரப் பத்திரம் இன்னும் போடவில்லை என்றால் இந்தச் சமயத்தில் அதையும் பாருங்கள். முடிவெடுக்கும் திறன் போன பிறகு கார் விஷயம்கூட நீதிமன்றம் வரை போகும், சிஓஇ அதற்காகக் காத்திருக்காது.

---

பதில்: இல்லத் தொண்டர்

இல்லங்களின் பக்கம் இருந்து இரண்டு வார்த்தை. முதியோர் இல்லத்துக்கும் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கும் தேவைப்படும் வண்டி வேறு மாதிரி. சக்கர நாற்காலியோடு அப்படியே ஏற்றும் ஹைட்ராலிக் லிஃப்ட் அல்லது சரிவுப்பலகை, தரையில் நாலு முனையிலும் நாற்காலியைக் கட்டும் பட்டைகள், கூடவே வரும் உதவியாளருக்கு இருக்கை. இ வகுப்பு எவ்வளவு சொகுசாக இருந்தாலும் இருக்கை தாழ்வு. இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்த ஒரு பாட்டியை அதில் உட்கார வைத்து எழுப்புவதற்குள் உதவியாளரின் முதுகு போய்விடும். அதனால் காரை நேரே கொண்டு போய் நிறுத்தினால் அன்பாக மறுப்பார்கள், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணமாகக் கொடுக்கும்போது "போக்குவரத்துச் செலவுக்கு" என்று எழுத்தில் குறிப்பிட்டுக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் நிறுவனம் அதைத் தனி நிதியாக வைத்து அதற்கே செலவு செய்ய வேண்டும். கார் நினைவாகக் கொடுக்கும் பணம் நோயாளிகளை ஏற்றிப் போகும் வண்டிக்கே போகும், அப்பாவுக்கும் மனநிறைவு. ஆனால் கொடுப்பதற்கு முன் அந்த நிறுவனத்தைக் கேட்டுவிடுங்கள். அவர்களிடம் வண்டி ஏற்கெனவே இருந்து, ஓட்டுநர் சம்பளத்துக்குத் தட்டுப்பாடு என்றால் பொது நிதியாகக் கொடுப்பதுதான் அவர்களுக்கு அதிகம் உதவும்.

மிச்சமிருக்கும் மாதங்களைப் பற்றியும் யோசியுங்கள். வீட்டுக்கே உணவு கொண்டு போய்க் கொடுக்கும் சேவைக்கு ஓட்டுநர்த் தொண்டர்கள் எப்போதும் தேவை. அதற்குச் செடான் போதும், வெப்பப் பெட்டிகள் பூட்டில் அடங்கிவிடும். மருத்துவமனைச் சந்திப்புக்கு முதியவர்களை அழைத்துப் போகவும் ஆள் தேடுவார்கள். உங்களுக்கு வார நாளில் மதியம் நேரம் கிடைக்குமானால் இந்தக் காரை அதற்குப் பயன்படுத்தலாம். மாதம் 450 வெள்ளி சிஓஇ கரைவதும், காப்புறுதியும் எண்ணெயும்தான் அதன் விலை. பார்ஃப் 10 ஆண்டுக்குள் அதே 50 சதவீதம்தான், அது குறையாது. இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, பெட்ரோலுக்கு என்று சொல்லிக்கூடப் பயணியிடம் பணம் வாங்காதீர்கள். மற்றது, உங்கள் காப்புறுதியில் நீங்கள் பெயரிட்ட ஓட்டுநரா, தொண்டுப் பயணம் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதியவரைத் தாழ்ந்த செடானில் ஏற்றும் முறை தெரிந்தால் எளிது. முன் பயணி இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளி, முடிந்த அளவு உயர்த்துங்கள். அவர் முதுகு இருக்கையைப் பார்த்தபடி நின்று, கால் பின்பக்கம் இருக்கை விளிம்பைத் தொட்டதும் மெல்ல உட்காரட்டும். தலையில் இடிக்காமல் உங்கள் கையைக் கதவுச் சட்டத்துக்கும் தலைக்கும் நடுவில் வையுங்கள். உட்கார்ந்த பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். இருக்கையில் ஒரு வழுக்கும் பிளாஸ்டிக் பை விரித்தால் திரும்புவது சுலபம், ஆனால் வண்டி கிளம்பும் முன் அதை உருவி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது அவர் முன்னால் சறுக்குவார். கதவைப் பிடித்து எழ விடாதீர்கள், அது ஆடும்.

---

பதில்: தஞ்சைத் தெற்கு வீதி

மாமாவின் யோசனைக்கு மட்டும் பதில். இந்தியாவுக்குப் பழைய கார் இறக்குமதி செய்ய விதி இருக்கிறது: தயாரித்த தேதியிலிருந்து 3 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. துறைமுகமும் மும்பை மட்டும்தான். உங்களுடையது 9 ஆண்டைத் தாண்டியது, அதனால் சுங்கவரி எவ்வளவு என்று கணக்குப் போடவே தேவையில்லை. சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ கப்பலேற்றித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வண்டி துறைமுகத்தில் கிடந்து கிடங்கு வாடகைதான் ஏறும்.

கும்பகோணம் இல்லத்துக்கு உதவ வேண்டும் என்றால் அதையும் பணமாகத்தான் செய்ய முடியும். அப்பாவும் நீங்களும் சிங்கப்பூர்க் குடிமக்கள் என்றால் உங்கள் பணம் இந்தியச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. அந்த அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்க வேண்டும், பணமும் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அவர்கள் வைத்திருக்கும் எஃப்சிஆர்ஏ கணக்குக்குத்தான் முதலில் போக வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு, உள்துறை அமைச்சின் தளத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். உறவினர் ஒருவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பி "அவர்களிடம் கொடுத்துவிடு" என்று சொன்னால் மாட்டிக்கொள்வது அந்த இல்லம்தான். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. இதற்குச் சிங்கப்பூரில் வரிக் கழிவு கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

---

பதில்: செம்பவாங் செல்வன்

அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர் பெயரிலேயே, போக்குவரத்து நிதிக்கு என்று கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். வரிக் கழிவு வேண்டாம் என்கிறார். அதுவரை சனிக்கிழமைகளில் உணவு விநியோகத்துக்கு நான் ஓட்டப்போகிறேன். கடைசியாக ஒன்று: கடைசி நாள் வரை வைத்திருக்கலாமா? அப்பாவுக்கு வண்டி எண் மேல் ஆசை, அதை எடுத்து வைக்க முடியுமா?

---

பதில்: காக்கி புக்கிட் பட்டறை

கடைசி நாள் வரைக்கும் போகாதீங்க தம்பி. சிஓஇ முடியற தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே முடிச்சிடுங்க. அந்த ரெண்டு வாரத்துக்கு சிஓஇ பணமும் திரும்ப வரும், 200 வெள்ளிக்கு மேல. கட்டாத அபராதம், ஈஆர்பி பாக்கி ஏதாவது இருந்து ரத்து தடைபட்டா சரி பண்ண நேரம் வேணும், இப்பவே ஒன்மோட்டரிங்ல பாத்துக் கட்டிடுங்க. விலை பேசறதை ஜூன் கடைசியில ஆரம்பிங்க, ரொம்ப முன்னாடி வாங்கின விலை நிக்காது.

எண்ணை எடுத்து வைக்கணும்னா பதிவை ரத்து பண்றதுக்கு முன்னாடியே எல்டிஏகிட்ட விண்ணப்பிக்கணும், கட்டணம் உண்டு. வச்சுக்கிட்ட எண்ணைக் கெடுவுக்குள்ள வேற வண்டிக்குப் போடணும், வீட்டுல யாரும் கார் வாங்கற யோசனை இல்லேன்னா அந்தக் காசு வீண். எண் பலகை மட்டும் போதும்னா ஒப்படைக்கற அன்னிக்குக் கழட்டித் தர முடியுமான்னு கூடத்துல முன்கூட்டியே கேளுங்க, ஏற்றுமதிக்குப் போற வண்டிக்கு அந்தப் பலகை தேவைப்படாது. ஒரு சின்ன பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் கையில வச்சுக்கோங்க. திருகு துரு பிடிச்சிருந்தா முந்தின நாளே கொஞ்சம் எண்ணெய் விட்டுடுங்க.